நானோ, எஸ்டிஎம்32, ஈஎஸ்பி32 மூணும் ஒரே ஆர்எஸ்-485 ஒயர்ல: எடை கம்மியான ஆர்பிசி லைப்ரரி எது?

ஏத்தன்வாழ:

மக்கா, ஒரு யோசன சொல்லுங்க. நமக்கு தோட்டம் சேரன்மாதேவி பக்கம், மூணு ஏக்கர் ஏத்தன் வாழ. கன்னடியன் கால்வாய்ல தண்ணி வாரவரைக்கும் கவல இல்ல, அடைச்சிட்டாவன்னா கெணத்து மோட்டார்தான். அப்பாவுக்கு முட்டு வலி, ராத்திரி டார்ச்ச புடிச்சிக்கிட்டு ஒவ்வொரு வால்வா போயி திருக முடியலன்னு நானே ஒரு செட்டப் பண்ணேன், ரெண்டு வருசமா ஓடுது.

வீட்டுல ஒரு ஈஎஸ்பி32 (சின்ன கண்ட்ரோல் போர்டு), அதுதான் மாஸ்டர், போன் ஆப் அதோடதான் பேசும். மோட்டார் ரூம்ல ஒரு ஆர்டுயினோ நானோ, உரத்தொட்டிகிட்ட எஸ்டிஎம்32 புளூபில், கடைசி வரிசைல இன்னொரு நானோ. நாலும் ஒரே ஆர்எஸ்-485 ஒயர்ல, அதாவது ஏ, பின்னு ரெண்டு கம்பில பல போர்டு மாறி மாறி பேசுற ஒயர்ல தொங்குது, வளைஞ்சி நெளிஞ்சி 300 மீட்டர் வரும், வேகம் 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்டு). ஆரம்பத்துல ரெண்டு எழுத்து கமாண்ட் அனுப்பி அங்ஙன ஸ்விட்ச் கேஸ் போட்டு சமாளிச்சேன், பொறவு கமாண்ட் கூடக்கூட எனக்கே எது எதுன்னு புரியல, இப்ப ஒரு ஸ்ட்ரக்ட (பல எண்ண ஒண்ணா கட்டுன மூட்ட) அப்டியே தூக்கி அனுப்புதேன் கடைசில சிஆர்சிங்கிற பிழை பாக்குற நம்பரோட. புளூபில்லுக்கு மட்டும் ஏனோ வேற ஸ்ட்ரக்ட் எழுதி நடுவுல 3 பைட்டு டம்மி போட்டாதான் ஓடுது, ஏன்னு கேக்காதிய.

எனக்கு வேண்டியது என்னன்னா ஈஎஸ்பில வால்வு_மாத்து(2) ன்னு சாதா பங்ஷன் மாதிரி கூப்டணும், அது அங்ஙன நானோல ஓடணும், ரிட்டர்ன் வேல்யூ இங்க வரணும், நடுவுல பைட்டு எண்ணுற சோலியே எனக்கு இருக்கக்கூடாது. இதத்தான் ஆர்பிசிங்காவ. ஈ-ஆர்பிசி, நானோ-பிபி, சிம்பிள்-ஆர்பிசின்னு மூணு பாத்தேன். எத எடுக்க?

அவசரமா கேக்க ஒரு காரணம் இருக்கு. போன மாசம் நானோ கோட எல்லாம் சுத்தம் பண்ணி, மோட்டார் ரூம்ல சும்மா மினுக்கிட்டு இருந்த எல்சிடியயும் கழத்திட்டேன். அதுலருந்து அப்பப்ப பதில் வர மாட்டேங்கு. பதில் வரலன்னா மறுபடி அனுப்புற மாதிரி எழுதிருந்தேன், சரி ஒப்பேறிரும்னு விட்டேன். போன வாரம் வெடியக்கால 4 மணிக்கு ரெண்டாம் வால்வ தொறக்கச் சொல்லி வால்வு_மாத்து போயிருக்கு, தொறந்துருக்கு, பதில் வரல, ஈஎஸ்பி திரும்ப வால்வு_மாத்து அனுப்பிருக்கு, அது மூடிட்டு. ரெண்டாவது பதில் ஒழுங்கா வந்துட்டு, அதனால ஈஎஸ்பி எல்லாம் சுகம்னு நெனச்சி மோட்டார போட்டுட்டு. மூடுன வால்வுல 5 எச்பி மோட்டார் இடிச்சா என்னாவும், எல்போ பிச்சிக்கிட்டு போச்சி. காலைல போயி பாத்தா வரப்புக்கு அந்தப்பக்கம் கெடக்கு. எங்க அப்பா ஒண்ணும் சொல்லல, அந்த எல்போவ கொண்டாந்து என் கம்ப்யூட்டர் பக்கத்துல வச்சிட்டு போயிட்டாவ.

நல்ல லைப்ரரியா போட்டா இது வராதுல்லா?

---

பாளை_பிட்பேங்க்:

அண்ணாச்சி, முதல்ல அந்த 3 பைட்டு டம்மி விசயத்த முடிச்சிருவோம், ஏன்னு கேக்காதியன்னா கேக்கத்தான் தோணும். உங்க ஸ்ட்ரக்ட்ல 1 பைட்டு வால்வு நம்பர், அதுக்கு கீழ 4 பைட்டு நேரம் இருக்குமே? நானோ 8 பிட்டு சிப்பு, அதுக்கு அது 5 பைட்டுதான். புளூபில், ஈஎஸ்பி ரெண்டும் 32 பிட்டு, 4 பைட்டு எண்ண 4ஆல வகுபடுற இடத்துலதான் வைக்கும், அதனால நடுவுல 3 பைட்டு வெத்தெடம் விட்டு 8 ஆக்கிரும். அது மட்டுமா, நானோல இன்ட்டுன்னா 2 பைட்டு, அங்க 4. நானோல டபுள்ன்னு எழுதுனாலும் 4 பைட்டுதான், அங்க 8. ஸ்ட்ரக்ட அப்டியே ஒயர்ல தள்ளுறது, பக்கத்து வீட்டு மரக்கால நம்பி நெல்லு அளந்து குடுக்க மாதிரி. ஒவ்வொரு எண்ணையும் பைட்டு பைட்டா நீங்களே எடுத்து வைங்க, இல்லன்னா அத பாத்துக்கிட ஒரு லைப்ரரி போடுங்க.

இப்ப லைப்ரரிக்கு வாரேன். ஈ-ஆர்பிசி என்எக்ஸ்பிகாரவ போட்டது, ஓப்பன் சோர்ஸ், பிஎஸ்டி லைசென்ஸ். ஐடிஎல்னு ஒரு பைல்ல பங்ஷன் பேரு ஆர்குமெண்ட்டு எல்லாம் எழுதிக் குடுத்தா ரெண்டு பக்கத்துக்கும் சி கோடு அதுவே துப்பும், பைத்தானும் தரும். பதிலே வேண்டாத கமாண்டுக்கு ஒன்வேன்னு ஒரு வார்த்த போட்டா போதும். நல்ல சரக்குதான். ஆனா அது ரெண்டு பேரு நேருக்கு நேர் பேசுறதுக்கு செஞ்சது, ஒரே சிப்புக்குள்ள ரெண்டு கோர் பேசிக்கிடுற மாதிரி. உங்க ஒயர்ல நாலு பேரு தொங்குதாவ, இது யாருக்குள்ள பாக்கெட்டுன்னு முகவரிய நீங்கதான் அதோட டிரான்ஸ்போர்ட்ல எழுதி சேக்கணும். நானோல மொத்த ரேமே 2 கேபி வேற. புளூபில்ல 20 கேபி இருக்கு, அங்க கொஞ்சம் மூச்சு விடலாம்.

சிம்பிள்-ஆர்பிசி நானோலயும் ஓடும். கம்ப்யூட்டர்ல பைத்தான்ல கனெக்ட் பண்ணுன ஒடனே போர்டே நம்மகிட்ட என்னென்ன பங்ஷன் இருக்கு, என்ன ஆர்குமெண்ட்டுன்னு ஒப்பிக்கும், மேஜ மேல யுஎஸ்பி ஒயர வச்சி வெளையாட அதவிட சொகம் கெடையாது. 300 மீட்டர் ஒயருக்கு அது ஆகாது. நானோ-பிபி ஆர்பிசியே இல்ல, மூட்ட கட்டி அவுக்குற வேல மட்டும். கூகுளோட புரோட்டோபப் முறைல மெசேஜ சின்ன சிப்புல கட்ட அதவிட நல்லது நான் பாக்கல, கோடு 5லருந்து 10 கேபி எடுத்துக்கிடும், நானோட 32 கேபி பிளாஷ்ல அது மூணுல ஒரு பங்கு வர போயிரும். 4 கமாண்டுக்கு இது வேணுமான்னு யோசிச்சிக்கிடுங்க.

என்னைய கேட்டா பேக்டரி மெசினுக ஒயர்ல பேசிக்கிடுற மோட்பஸ் ஆர்டியு முறைய போட்டுட்டு படுத்து தூங்குங்க. 1979ல மோடிகான் கம்பெனிக்காரவ கொண்டாந்தது, இன்னைக்கும் நெறய பேக்டரி அதுலதான் ஓடுது. முகவரி 1லருந்து 247 வர இருக்கு, சிஆர்சி இருக்கு, ஆர்டுயினோவுக்கு லைப்ரரி கொட்டிக் கெடக்கு.

---

தொழிமண்:

மோட்பஸ்ஸ ஆர்பிசின்னு சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன். அது பங்ஷன் கூப்டுறது இல்ல, ரெஜிஸ்டர்ல எழுதுறது படிக்கிறது அவ்ளோதான், 40வது ரெஜிஸ்டர்ல 1 எழுதுனா வால்வு தொறக்கும்னு நாம மனசுல வச்சிக்கிடணும், ஆறு மாசம் கழிச்சி 40 என்ன 41 என்னன்னு பேப்பர தேடணும். ஆனா பிட்பேங்க் சொன்னதுல ஒரு நல்லது ஒளிஞ்சி இருக்கு, அவுகளே அத கவனிக்கல. பொறவு சொல்லுதேன்.

ஏத்தன்வாழ அண்ணாச்சி, உங்க கடைசி கேள்விக்கு பதில் இல்லங்கிறதுதான். நீங்க பாத்த மூணுல எந்த லைப்ரரி போட்டாலும் அந்த எல்போ பிச்சிக்கிட்டுதான் போயிருக்கும்.

நம்ம தாத்தா காலத்துல வயக்காட்டுல இந்தக் கரைலருந்து அந்தக் கரைக்கு கூப்பாடு போட்டு வேல சொன்னாவல்லா, அத நெனச்சிக்கிடுங்க. "ஏலே, மடைய மாத்தி விடுலே"ன்னு ஒரு சத்தம். அவன் மாத்திட்டு "ஆச்சி தாத்தா"ன்னு கத்துதான், காத்து எதுக்க அடிக்கி, தாத்தாவுக்கு கேக்கல. அவரு மறுபடி "மடைய மாத்துலே"ன்னு கத்த, அவன் நல்ல பிள்ளையா திருப்பி மாத்திட்டான். ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல. தப்பு அந்த சொல்லுல. "கீழ மடைய தொறந்து வைலே"ன்னு சொல்லிருந்தா பத்து தடவ கத்துனாலும் கீழ மடை தொறந்தேதான் இருக்கும். உங்க வால்வு_மாத்து அந்த மொத ரகம். அத தூக்கிப் போட்டுட்டு வால்வு_வை(2, தொற) ன்னு மாத்துங்க. மோட்பஸ்ல ஒளிஞ்சிருக்க நல்லதுன்னு சொன்னது இதான், அங்க ரெஜிஸ்டர்ல 1ன்னு எழுதுறது எத்தன தடவ எழுதுனாலும் 1தான், அதனால அதுல ஓடுற ஆளுக பாதி பேருக்கு இந்தக் குழி இருக்கதே தெரியாம தப்பிச்சிருதாவ.

இது புதுசா கண்டுபுடிச்சதும் இல்ல. பிரெல், நெல்சன்னு ரெண்டு பேரு ஜெராக்ஸ் கம்பெனியோட பார்க் ஆராய்ச்சிக் கூடத்துல ஆர்பிசி செஞ்சி 1984லயே எழுதி வச்சிட்டாவ: பதில் வந்துட்டுன்னா அந்த பங்ஷன் ஒரு தடவ, ஒரே ஒரு தடவதான் ஓடிருக்கு. பதில் வராம பிழைன்னு வந்தா, ஒரு தடவ ஓடிருக்கலாம், ஓடாமயும் இருந்துருக்கலாம், எதுன்னு கூப்ட்டவனுக்கு தெரியாது. ஓடலங்கிற அர்த்தமே இல்ல அதுக்கு. நீங்க பதில் வரலன்னா ஓடலன்னு எடுத்துக்கிட்டிய, அதுலதான் எல்போ வரப்பு தாண்டுச்சி. சாதா பங்ஷன் மாதிரியே இருக்கணும்னு ஆசப்படுறிய பாருங்க, எனக்கு அந்த ஆசதான் பயம். சாதா பங்ஷன்ல மூணாவது பதில் கெடையாது. ஒயர்ல உண்டு.

எல்லாத்தையும் "வை" ஆக்க முடியாது, "உரம் 5 லிட்டர் விடு" இருக்குல்லா, அத ரெண்டு தடவ கேட்டா 10 லிட்டர் போயி வாழ கருகிரும். அதுக்கு ஒவ்வொரு கமாண்டுலயும் ஒரு வரிச நம்பர் வைங்க. அந்தப் பக்கம் கடைசியா வந்த நம்பரையும், அதுக்கு சொன்ன பதிலையும் வச்சிக்கிடணும். அதே நம்பர் திரும்ப வந்தா வேல செய்யாம பழைய பதில மட்டும் திரும்ப சொல்லணும். ஒரே ஒரு மாஸ்டர்தானே, ஒரு போர்டுக்கு பத்து பன்னெண்டு பைட்டு ரேம்தான் செலவு. ஒரு எடத்துல மட்டும் சூதானமா இருங்க. கரெண்டு போயி ஈஎஸ்பி திரும்ப எந்திரிச்சா நம்பர் பூச்சியத்துலருந்து ஆரம்பிக்கும், அது தற்செயலா பழைய நம்பரோட ஒத்துப்போச்சின்னா புது கமாண்ட பழசுன்னு தள்ளிரும். அதனால எந்திரிச்ச ஒடனே எல்லா போர்டுக்கும் ஒரு வணக்கம் கமாண்ட் அனுப்பி பழைய நம்பர அழிக்கச் சொல்லிருங்க. அதே மாதிரி உரம் பாதி போயிட்டு இருக்கப்ப புளூபில் ரீசெட் ஆச்சின்னா அது எல்லாத்தையும் மறந்துரும், அதனால எவ்ளோ விட்டோம்ங்கிறத மட்டுமாவது நெரந்தரமா எங்கயாவது எழுதி வைக்கணும்.

இன்னொண்ணு. உங்க வால்வு மோட்டார் வால்வா? தொறக்க பத்து பன்னெண்டு செகண்டு எடுக்குமே. அது முடியிறவர பதிலுக்கு காத்துக்கெடக்காதிய. "சரி, ஆரம்பிச்சிட்டேன்"னு ஒடனே பதில், பொறவு வால்வு_நெலம(2) ன்னு தனியா கேக்கணும். தொறந்துட்டுன்னு அது சொன்ன பொறவுதான் மோட்டார் ஓடணும்.

---

485_கோட்டி:

மேல உள்ளவ சொன்னது எல்லாம் சரி, ஆனா பதில் ஏன் தொலையுதுன்னு ஒருத்தரும் கேக்கல பாத்தியளா. எல்சிடிய கழத்துன பொறவுதான் வருதுன்னு எழுதிருக்கிய, எனக்கு அதுதான் உறுத்துது. அந்த கோட கொஞ்சம் போடுங்க. குறிப்பா ஈஎஸ்பில அனுப்பி முடிச்ச பொறவு 485 மாட்யூலோட டிஈ பின்ன (மேல இருந்தா லைன்ல பேசும், கீழ எறக்குனாதான் லைன விடும்) எப்ப எறக்குதிய?

---

ஏத்தன்வாழ:

தொழிமண் அண்ணாச்சி, மடை கதைய அப்பாகிட்ட வாசிச்சி காட்டுனேன், சிரிச்சாவ, ஒரு வாரத்துக்கு பொறவு இன்னைக்குதான்.

கோட்டி அண்ணே, அனுப்புற எடம் இவ்ளோதான்: டிஈ மேல, சீரியல்ல எழுது, பிளஷ், டிலே 5 மில்லிசெகண்ட், டிஈ கீழ. அந்த டிலே எதுக்குன்னா கடைசி பைட்டு வெட்டுப்படாம இருக்கட்டும்னு எங்கயோ பாத்து போட்டது.

---

485_கோட்டி:

மாட்டிக்கிட்டான் திருடன்.

பிளஷ்ஷே கடைசி பைட்டு ஒயர்ல போயி முடியிறவர நிக்கும். அதுக்கு மேல நீங்க 5 மில்லிசெகண்ட் லைன புடிச்சிக்கிட்டு நிக்கிய. 9600ல ஒரு பைட்டு போக 1 மில்லிசெகண்டு சொச்சம். நானோ சும்மா இருந்தா ஒடனே பதில் சொல்ல ஆரம்பிச்சிரும், அப்ப ஈஎஸ்பி இன்னும் லைன விடல, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துதாவ, பதிலோட மொத நாலு பைட்டு நாசம். எல்சிடி இருந்தப்ப நானோ ஒவ்வொரு சுத்துலயும் ரெண்டு வரி எழுதிட்டு மெதுவா வந்து பதில் சொல்லிச்சி, அதுக்குள்ள ஈஎஸ்பி லைன விட்டுரும். நீங்க கோட சுத்தம் பண்ணுனிய, நானோ வெரசாயிட்டு, அதுதான் வென. இப்பவும் ஏதாவது சென்சார் சராசரி எடுத்துட்டு இருக்கப்ப கமாண்ட் வந்தா பதில் லேட்டாவும், அது ஒழுங்கா வந்து சேரும். வேல இல்லாம இருக்கப்ப வாரதுதான் தொலையும். அதான் அப்பப்ப.

டிலேய எடுத்துருங்க. அதவிட, ஈஎஸ்பி32ல சீரியல் பேசுற யுஏஆர்டி பகுதிலயே 485 ஹாப் டூப்ளெக்ஸ்னு ஒரு மோடு இருக்கு, டிஈ பின்ன ஆர்டிஎஸ்ல குடுத்துட்டா அதுவே ஏத்தி எறக்கும். நானோ பக்கம் பதில் சொல்றதுக்கு முந்தி ஒரு 2 மில்லிசெகண்டு பொறுக்கட்டும். மோட்பஸ்ல பாக்கெட்டுக்கு நடுவுல மூணர எழுத்து நேரம் சும்மா கெடக்கணும்னு விதியே இருக்கு, 9600ல அது 4 மில்லிசெகண்டு வரும், சும்மா ஒண்ணும் வைக்கல அவுக.

பொறவு, கரெண்ட அணச்சிட்டு ஏ, பி ரெண்டு ஒயருக்கும் நடுவுல மீட்டர வச்சி ஓம்ஸ் எவ்ளோன்னு பாருங்க. ஆன்லைன்ல வார மலிவு மாட்யூல்ல அநேகமா 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒட்டியே வரும். ஒயரோட ரெண்டு முனைல மட்டும்தான் அது வேணும், 60 காட்டணும்.

---

மோட்டார்_பெரியவர்:

வே தம்பிமாரே, நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல, முப்பது வருசமா மோட்டார் கட்டுதேன், மவன் இத வாசிச்சி காட்டுனான். வயருல பேசுறது பேசட்டும். அந்த டெலிவரி பைப்புல ஒரு பிரசர் சுவிச்ச போட்டு, அத காண்டாக்டர் (மோட்டாருக்கு கரெண்டு குடுக்குற பெரிய சுவிச்சு) காயிலுக்கு சீரிஸ்ல குடுங்க. பிரசர் ஏறுச்சின்னா காயில் விட்டுரும், மோட்டார் நிக்கும், எந்த சிப்பயும் அது கேக்காது. கெணத்துல தண்ணி வத்துனா நிக்கிறதுக்கும் ஒண்ணு போடுங்க. பைப்ப காப்பாத்துற வேலைய 300 மீட்டருக்கு அங்க வீட்டுல இருக்க சாமானுகிட்ட குடுத்துருக்கியளே, என்ன நெனப்புல குடுத்திய?

மோட்டார் கேபிளும் இந்த வயரும் ஒரே குழாய்க்குள்ள போவுதான்னும் பாரும். போனா பிரிச்சி விடும்.

---

பாளை_பிட்பேங்க்:

பெரியவர் சொன்னதுதான் மொத வேல, நான் லைப்ரரி ரேம் கணக்குலயே நின்னுட்டேன். மோட்பஸ்ல அந்த "மாத்து" (டாகில்) குழி இல்லங்கிறத நான் யோசிக்கவே இல்ல தொழிமண், ஒத்துக்கிடுதேன். ஆனா ரெஜிஸ்டர் நம்பருக்கு ஒரு ஹெடர் பைல்ல பேரு வச்சிக்கிட்டா பேப்பர ஏன் தேடணும், அத நான் விடமாட்டேன்.

---

ஏத்தன்வாழ:

தாக்கல் சொல்லுதேன். ஓம்ஸ் பாத்தேன், 31 காட்டுச்சி. நாலு மாட்யூல்லயும் 120 இருக்கு, நாலு 120 பேரலல்ல சேந்தா 30 தானே, அதுதான். நடுவுல உள்ள ரெண்டுலயும் ரெசிஸ்டர சால்டரிங் அயர்ன் வச்சி எடுத்துட்டேன், இப்ப 61. டிலேய எடுத்தேன். பிரசர் சுவிச்சு வண்ணாரப்பேட்டைல ஒரு கடைல வாங்கி எலெக்ட்ரீசியன வச்சி மாட்டியாச்சி, வால்வ மூடி வச்சிட்டு மோட்டார போட்டுப் பாத்தோம், டக்குனு நின்னுட்டு. கேபிளும் ஒயரும் ஒரே குழாய்லதான் போயிட்டு இருந்துச்சி பெரியவரே, அத பிரிக்கதுக்குதான் ரெண்டு நாளாச்சி.

லைப்ரரி ஒண்ணும் போடல கடைசில. பங்ஷன் பாயிண்டர் டேபிள் ஒண்ணு, பங்ஷன் நம்பர் 1 பைட்டு, முகவரி 1, வரிச நம்பர் 1, நீளம் 1, அதுக்கு பொறவு ஆர்குமெண்ட்டு பைட்டு பைட்டா, கடைசில சிஆர்சி 2. பாக்கெட் எங்க ஆரம்பிக்கி எங்க முடியுதுன்னு குழம்பாம இருக்க காப்ஸ் போட்டேன், உள்ள இருக்க பூச்சியத்த எல்லாம் எடுத்துட்டு பூச்சியத்த எல்லைக்கல்லா வைக்கிற வித்த, 254 பைட்டுக்கு 1 பைட்டுதான் கூட. மொத்தம் 200 வரிக்குள்ள வந்துட்டு. மாத்துங்கிற பேருல ஒரு பங்ஷனும் இல்ல இப்ப. ரீட்ரை எத்தனன்னு ஒரு கவுண்டர் வச்சிருக்கேன், முந்தி ஒரு ராத்திரிக்கு நூறத் தாண்டும், நேத்து வெடியிறவர 2. அந்த ரெண்டும் மோட்டார் ஸ்டார்ட் ஆவுற நேரம்.

ஒரு சந்தேகம் மட்டும். மோட்டார் ரூம் நானோவ மட்டும் புது கோடுக்கு மாத்திட்டு கடைசி வரிசைல உள்ளத மாத்த மறந்துட்டேன்னு வைங்க, பங்ஷன் நம்பர் 5 ஒண்ணுல வால்வு, இன்னொண்ணுல வேற எதாவதா இருந்துச்சின்னா?

---

தொழிமண்:

அந்த வணக்கம் கமாண்டுக்கு போர்டு சொல்ற பதில்ல ஒரு வெர்ஷன் நம்பர அனுப்பச் சொல்லுங்க, ஒத்துப்போவலன்னா ஈஎஸ்பி அந்த போர்டோட பேசவே கூடாது, போன்ல செவப்பு காட்டணும். பழைய நம்பர வேற பங்ஷனுக்கு திரும்ப குடுக்காதிய, 5 போயிட்டுன்னா போயிட்டு, புதுசுக்கு 6. ஸ்டார்ட் ஆவுற நேரத்துல வார ரெண்டுக்கு காண்டாக்டர் காயில் மேல ஒரு ஸ்னப்பர் (காயில் கெளப்புற கரெண்டு துள்ளல அடக்குறது) போட்டுப் பாருங்க, பெரியவருகிட்ட கேட்டா எதுன்னு சொல்லுவாவ.

---

மோட்டார்_பெரியவர்:

0.1 மைக்ரோபேரட், 100 ஓம்ஸ், ரெண்டும் சீரிஸ்ல, காயிலுக்கு குறுக்க. கெப்பாசிட்டர் ஏசி கரெண்டுக்கு உள்ளதா பாத்து வாங்கும்.